ஏனோக் கேட்ட கேள்வி

அந்த ஆள் மேல் எனக்குக் காலையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. செகந்திராபாத்தில் ஒரு சர்ச் ஹாலில் பயிற்சி வகுப்பு. எதிர்பாராமல் கர்ப்பமாகி, பிள்ளையை வளர்ப்பதா தத்துக் கொடுப்பதா என்று தவிக்கும் பெண்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நர்சுகளுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் நான் சொல்லிக்கொடுக்கிறேன். வந்தவர்கள் எல்லாம் பெண்கள். கடைசி வரிசையில் இவர் மட்டும் ஆண். ஐம்பது தாண்டிய வயது, இஸ்திரி போட்ட சட்டை. பெயர் ஏனோக், உப்பலில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை என்றார். கொடுத்த டீயைத் தொடவில்லை. ஓசி டீயை வேண்டாம் என்கிற ஆளை நான் நம்புவதில்லை.

"யாரையும் எடை போடாதீர்கள், கேட்பவருக்கு முழு விவரமும் சொல்லுங்கள்" என்று நான் தெலுங்கில் முழங்கிக்கொண்டிருந்தபோது எழுந்தார். மங்கையர்க்கரசி என்ற என் பெயரைப் பார்த்திருப்பார், தமிழிலேயே கேட்டார்.

"மேடம், கமிட்டில எழுதிக் குடுத்தப்புறம் பெத்தவ திரும்பி வந்து கேட்டா, குடுத்துதான் ஆகணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. போன வருடம் இப்படித்தான் ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய், பிள்ளை விற்கும் கும்பலிடம் ஒப்பித்துவிட்டாள். சூடு கண்ட பூனை நான். பெற்றவள் திரும்பி வந்துவிடுவாளோ என்று புரோக்கரைத் தவிர வேறு யாருக்குக் கவலை?

"அதெல்லாம் நாளைக்குப் பாக்கலாம், உக்காருங்க" என்றேன். குழந்தைகள் நலக் கமிட்டியில் பிள்ளையை எழுதிக் கொடுத்த தாய்க்கு மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்குள் வந்து கேட்டால் பிள்ளையைத் திரும்பப் பெறலாம். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடமே அதுதான். வேண்டுமென்றே தாண்டிப் போனேன். இந்த ஆள் ஒழிந்த பிறகு நடத்திக்கொள்ளலாம்.

மதியம் சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் வந்து நின்றார்.

"நாளைக்கு லீவு கிடைக்காது மேடம். இப்பவே சொல்லிடுங்களேன்."

"எழுதிக் குடுத்தா முடிஞ்சது முடிஞ்சதுதான். போங்க."

அவர் முகம் செத்துவிட்டது. புரோக்கராக இருந்தால் இதைக் கேட்டுக் குளிர்ந்திருக்க வேண்டும். அது எனக்கு உறைக்கவில்லை. என்ன நடிப்பு என்றுதான் நினைத்தேன். தட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனார். உடனே அவர் பதிவேட்டில் எழுதியிருந்த உப்பல் நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டேன். அப்படி ஓர் ஆளே இங்கே இல்லை என்றார்கள். மாட்டிக்கொண்டான் என்று, போலீசைக் கூப்பிடும் எண்ணத்தோடு வாசலுக்கு விரைந்தேன்.

கேட் ஓரத்தில் நின்றிருந்தார். பக்கத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, அழுது வீங்கிய முகம்.

"நர்சிங் ஹோம்ல வேலை பாக்கறீங்களா நீங்க?" என்றேன்.

"ஹவ், ஆமா, பொய்தான் மேடம். ரயில்வே ஒர்க்ஷாப்ல ஃபிட்டர் நான். வெளி ஆள உள்ள விட மாட்டாங்கன்னு அப்படிச் சொன்னேன். இது என் பொண்ணு செலின். ஊர் வாய்க்குப் பயந்து நான்தான் இவள எழுதிக் குடுக்க வெச்சேன். அன்னைக்கு ஏதோ டைம் இருக்குன்னாங்க, யாரு காதுல வுழுந்திச்சி? இப்ப சோறு தண்ணி இல்லாம பிள்ள பிள்ளன்னு கிடக்கா. நீங்க முடிஞ்சதுன்னீங்க. அதான் இவகிட்ட சொல்லிட்டேன்."

நான் அவசரமாகக் கேட்டேன்: "எப்ப எழுதிக் குடுத்தீங்க?"

"கிறிஸ்மஸுக்கு மறுநாள்."

மாதம் பிப்ரவரி. அவகாசம் இன்னும் தீரவில்லை, ஆனால் தீரும் தறுவாயில் இருந்தது.

"நான் தப்பா சொல்லிட்டேம்மா. இன்னும் கேக்கலாம், உன் பிள்ளைய வாங்கிடலாம். வா, இப்பவே போலாம், நானே கூட வரேன்." அவள் கையைப் பிடித்தேன்.

செலின் கையை உதறினாள். "டாடிகிட்ட காலைல நாளைக்குன்னீங்க. மத்தியானம் முடிஞ்சதுன்னீங்க. இப்ப நீங்களே வந்து கூப்பிடறீங்க, ஏன்?" என்னை மேலும் கீழும் பார்த்தாள். காலை முழுக்க நான் அவள் அப்பாவைப் பார்த்த பார்வை. "என் பிள்ளைய யாருக்குப் பேசி வெச்சிருக்கீங்க?"

"ஐயோ, இல்லம்மா..."

"நக்கோ டாடி, இவங்க வேணாம். நாமளே போய்க் கேப்போம்."

ஆட்டோவை நிறுத்தி அப்பாவை உள்ளே இழுத்தாள். "ரெண்டு மாசம் டைம் இருக்கு! சட்டத்துலயே இருக்குன்னு சொல்லுங்க!" என்று பின்னாலேயே ஓடிக் கத்தினேன்.

ஏனோக் ஒருமுறை தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.