ஊதுற பொட்டி

ரமாபாய்க்கு முதலில் அடையாளம் தெரிந்தது பெட்டிதான். ஆள் அப்புறம்தான்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் அவள் நடத்திவந்த ரிப்பேர் கடை மேசைமேல், ஒருவன் அதைத் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தான். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. இடது மூலையில் கொசுவத்திச் சுருள் சுட்ட வடு. அந்த வடுவை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பிறகுதான் நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள். தொப்பை விழுந்திருந்தது, மூக்குக் கண்ணாடி ஏறியிருந்தது. ஆனால் அவனேதான். ராயபுரம் மொத்த மளிகை தவசிமுத்துவின் மகன் ஷிபின்.

அவனுக்கு அவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வேலைக்காரியின் மகளுக்கு முகம் என்று ஒன்று இருப்பதை அந்த வீட்டில் யாரும் கவனித்ததே இல்லை.

"சிஸ்டர், இது ஓடணும். வர்ற ஞாயித்துக்கிழமை ராயபுரத்துல என் செல்போன் ஷோரூம் பிரதிஷ்டை, பாஸ்டர் வந்து ஜெபிச்சுத் தொறக்கிறாரு. ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க பழைய கேம் எல்லாம் தலைமுறை வாரியா வைக்கிறேன்" என்றான். கேட்காமலே விளக்கவும் ஆரம்பித்தான். "மொத தலைமுறைல ரெண்டு கோடும் ஒரு புள்ளியும்தான். ரெண்டாவதுல கேசட் வந்துச்சு. இது மூணாம் தலைமுறை. அஞ்சாவதுலேர்ந்து சிடி. இப்ப ஏழாவது ஓடுது. எல்லாம் இன்டர்நெட்ல இருக்கு சிஸ்டர்."

ரமாபாய்க்கும் தலைமுறைக் கணக்கு தெரியும். அவள் வளர்ந்த வியாசர்பாடியில் அதற்கு இன்டர்நெட் வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் உள்ளேயே இருந்தால் ஒட்டுன பொட்டி. கேசட் சொருகினால் ஊதுற பொட்டி. சிடி போட்டால் தொடைக்கிற பொட்டி. அவ்வளவுதான் தலைமுறை. ஆடியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி செய்த பிள்ளைகள் வைத்த பெயர்கள் அவை.

கேசட்டைச் சொருகினால் பாதி நேரம் டிவியில் சாம்பல் கட்டங்கள்தான் ஆடும். உடனே உருவி, அடிப்பக்கம் வாய்வைத்து ஊதி, மறுபடி சொருக வேண்டும். ஷிபின் வீட்டில் அந்த உத்தியோகம் ரமாபாய்க்கு. அம்மா சொக்கம்மாள் கீழே கிடங்கில் மிளகாய்க் காம்பு கிள்ளுவாள். மகள் மாடியில் கேசட் ஊதுவாள். ஷிபினும் அவன் பெரியப்பா பிள்ளைகளும் டாங்கி ஆட்டம், வாத்து சுடுகிற ஆட்டம் என்று மாற்றி மாற்றி ஆடுவார்கள். மஞ்சள் கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டம் என்று ஸ்டிக்கர் புளுகும். கொஞ்சம் தள்ளிப் போனால் அதே வாத்து வேறு பெயரில் பறக்கும். அதில் ஒரு ஆட்டம்கூட அவள் கைக்கு வந்ததில்லை. "ஏய், ஊது" என்பார்கள், ஊதுவாள். அதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். சத்தியமாக மன்னித்திருப்பாள். பெட்டி உயிர்பிடித்து அந்தச் சங்கீதம் கிளம்புவதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

மன்னிக்க முடியாதது பெரிய லீவில் ஒரு மத்தியானம் நடந்தது. பெட்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. தவசிமுத்து மாடியேறி வந்து அதட்டினார். ஷிபின் கையை நீட்டினான். "இவ எச்சி துப்பித் துப்பி ஊதுனாப்பா."

எச்சில் என்ற சொல் அந்த வீட்டில் எவ்வளவு கனம் என்று ரமாபாய் அன்றுதான் பார்த்தாள். ஷிபினின் அம்மா பெட்டியை விரல் நுனியால் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த சொக்கம்மாள், எல்லோர் முன்னாலும் மகளை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். ரமாபாய் சுவரில் போய் மோதி விழுந்தாள். அன்று சாயங்காலமே சொக்கம்மாளை வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மகள்தான் துப்பிக் கெடுத்தாள், அவளால்தான் வேலை போனது என்று அம்மா நம்பிவிட்டாள். இத்தனை வருஷமாக ரமாபாயைத் தின்றது அதுதான். என்றாவது ஒருநாள் அந்தப் பயலை அம்மாவுக்கு எதிரில் நிறுத்தி உண்மையைக் கக்கவைக்க வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை கறுவியிருக்கிறாள்.

இப்போது அவனே நடந்து வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பெட்டியின் திருகுகளைக் கழற்றினாள். கேசட் சொருகும் வாயைச் சுற்றிக் கறுப்பாக என்னவோ காய்ந்து பிடித்திருந்தது.

"உள்ள இன்னாமோ கொட்டி காஞ்சி கீது சார்."

ஷிபின் கைதட்டிச் சிரித்தான். "அது நான்தான் சிஸ்டர்! நன்னாரி சர்பத் குடிச்சிட்டே ஊதப் போனேன், டம்ளர் அப்படியே கவுந்துடுச்சு. அப்பா பெல்ட்டால பிச்சிருப்பாரு. நல்லவேளை, எப்பவும் ஊதுற வேலைக்கார அம்மாவோட பொண்ணு ஒண்ணு அப்பத்தான் உள்ள வந்துச்சு. பழிய அது மேல தள்ளிவிட்டுட்டேன். எல்லாரும் நம்பிட்டாங்க." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். "அதெல்லாம் பொற்காலம் சிஸ்டர். இனி வராது."

பொற்காலமாம். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அவன் தொடையில் இறக்கிவிடலாமா என்று ரமாபாய் நிஜமாகவே யோசித்தாள். இறக்கினால் அவளைத்தான் போலீஸ் பிடிக்கும், அவன் ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழம் தின்பான். வேண்டாம். இந்த வாய் இவ்வளவு தாராளமாகத் திறக்கிறதே, அதை வேறு இடத்தில் திறக்கவைக்க வேண்டும்.

"ரெடி பண்ணி நானே எடுத்துகினு வந்து டிவில டியூன் பண்ணி குடுத்துடறேன் சார். எங்க அம்மாவையும் இட்டுகினு வரேன். அவங்களுக்கும் ஒரு செல்லு வாங்கணும்."

"தாராளமா வாங்க சிஸ்டர்!"

அவ்வளவு அக்கறையாக அவள் எந்தப் பெட்டிக்கும் வேலை பார்த்ததில்லை. காய்ந்த சர்பத்தைச் சுரண்டினாள், ஸ்பிரிட் விட்டுத் துடைத்தாள், கேசட் வாய்க்குள் வளைந்திருந்த கம்பி முட்களை ஊசியால் நிமிர்த்தினாள். பெட்டி ஓடினால்தான் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால்தான் அவன் பேசுவான்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் சொக்கம்மாள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். கிடங்கு இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு பளபளத்தது. "இங்கயாடி இட்டாந்த?" என்று நின்றுவிட்டாள்.

"ஆமா. வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் ரமாபாய்.

பாஸ்டர் ஜெபம் செய்தார், ரிப்பன் வெட்டினார்கள், கேக்கும் மிக்சரும் தட்டில் வந்தன. அலமாரியில் தலைமுறை வாரியாகப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே அச்சடித்த அட்டை. ரமாபாய் மூன்றாம் தலைமுறையை டிவியோடு இணைத்து ஓடவிட்டாள். அந்தப் பழைய சங்கீதம் கிளம்பியதும் ஷிபின் குழந்தை மாதிரிக் குதித்தான். சொந்தபந்தம் எல்லாம் சுற்றிக்கொண்டது. முன் நாற்காலியில் தவசிமுத்து வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். சொக்கம்மாள் வாசலை ஒட்டித் தலையைக் குனிந்தபடி நின்றாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை.

"சார், அன்னிக்கு கடையில சொன்னீங்களே சர்பத் கதை, அத சொல்லுங்க சார். எல்லாரும் கேக்கட்டும்" என்றாள் ரமாபாய்.

அவனுக்கு அதற்குமேல் தூண்டுதல் வேண்டியிருக்கவில்லை. பாஸ்டர் வைத்த மைக்கை எடுத்துக்கொண்டான். "அப்பா, இப்ப பெல்ட் எடுக்கக் கூடாது!" என்று ஆரம்பித்து, டம்ளர் கவிழ்ந்ததையும், தான் விழித்ததையும், கையை நீட்டியதையும் நடித்தே காட்டினான். எச்சில் கட்டத்தில் பாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார்.

தவசிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "ஏலே, எந்தப் புள்ள அது?"

"யாருக்குப்பா ஞாபகம்?"

"நான்தான்" என்றாள் ரமாபாய். குரலை உயர்த்தவே இல்லை. "பேரு ரமாபாய். தோ, வாசலாண்ட நிக்கிறது எங்க அம்மா சொக்கம்மாள். எச்சி துப்பினேன்னு சொல்லி வேலைய வுட்டு தொரத்துனீங்களே, அவங்கதான்."

சிரிப்பு அப்படியே அறுந்தது. டிவியில் சங்கீதம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஷிபினின் முகம் சுருங்கி, வெளுத்து, வியர்ப்பதை ரமாபாய் ஆசைதீரப் பார்த்தாள். இனித்தது. கல்யாணத்தன்றுகூட அவளுக்கு அவ்வளவு இனித்ததில்லை.

தவசிமுத்து எழுந்து தள்ளாடி வாசல்வரை வந்தார். "சொக்கம்மா, ஒம்மவ செய்யலன்னு அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா? நான் கேட்டிருக்க மாட்டனா?"

சொக்கம்மாள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "நான் மாடி ஏறி வந்தப்போ உங்க புள்ள டம்ளர கட்டிலுக்கு அடில தள்ளிகினு இருந்தான் மொதலாளி. பொட்டி மேல எறும்பு மொச்சிகினு கீது. எச்சிக்கு எறும்பு வருமா? எனக்கு அப்பவே தெரியும். உங்க புள்ள பொய் சொல்றான்னு நான் சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?"

ஷிபின் கையைக் கூப்பிக்கொண்டு "சிஸ்டர், சிஸ்டர்" என்று என்னவோ சொல்லிக்கொண்டு வந்தான். இத்தனை வருஷம் காத்திருந்த அந்த மன்னிப்பு ரமாபாயின் காதில் ஏறவே இல்லை. அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஹார்பர் லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டில் சொக்கம்மாள் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாப்பில்தான் ரமாபாயால் அவளை எட்டிப்பிடிக்க முடிந்தது.

"தெரிஞ்சேதான் அடிச்சியாம்மா?"

"ஆமா."

"அப்டி சொவத்துல போயி வுழற மாதிரியா?"

"மெதுவா அடிச்சா அவங்க நம்பமாட்டாங்கடி. நல்லா அடிச்சா வேலையாவது தங்கும்னு பாத்தேன்."

ரமாபாய்க்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஷிபின் கணக்கு இன்றோடு தீர்ந்தது. ஆனால் பழிவாங்க இன்னும் ஓர் ஆள் பாக்கி இருந்தது. அந்த ஆள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வருகிற பஸ்ஸுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.