நூறாம் நாள் குழம்பு

என் புருஷன் கம்பூன் பத்தொன்பது வருஷமாக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காட்டுக் குழம்பு. நான் செய்து கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவுக்கு வந்து டாம்வொர்த்தில் சாப்பாட்டுக்கடை போட்ட புதிதில், தாய்லாந்தில் காஞ்சனபுரி பஸ் ஸ்டாண்டில் எப்படிச் சமைத்தேனோ அப்படியே சமைத்தேன். தட்டுகள் திரும்பி வந்தன. ஒருவருக்குக் காரம், ஒருவருக்கு மீன் வாடை. ஒரு அம்மாள் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு மிளகாயைப் பாதியாக்கினேன், தேங்காய்ப்பாலைக் கூட்டினேன், எல்லாவற்றிலும் பனைவெல்லம் போட்டேன். சனிக்கிழமைகளில் வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. ஒரு வாரம் புக்கெட் போய் வந்தவர்களெல்லாம் "அசல் தாய்லாந்து ருசி" என்று எனக்கே சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வயிற்றுப்பாட்டுக்கு முன்னால் வீறாப்பு என்ன வேண்டியிருக்கிறது?

கடை அடுப்பு என்னுடையது. சாயங்காலம் கடை திறக்கும் முன் நாங்கள் சாப்பிடுவதற்கு அவர்தான் ஏதாவது செய்வார். அவர் கைக்கு முட்டையும் மிளகாய்ச் சட்னியும் தவிர ஒன்றும் வராது. நான் பாதி நாள் அதைக்கூடச் சாப்பிடமாட்டேன். நாள் முழுக்க ருசி பார்த்தே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

என் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "துவன், இது கொழம்பா வெல்லப்பாகா?" என்பார்.

"காசு குடுத்துத் திங்கறவன் சும்மா இருக்கான். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அந்தக் காட்டுக் கொழம்பு எங்கடி? மூக்குல தண்ணி ஒழுக ஒழுகத் தின்னுட்டுத்தானே உன்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னேன்? ஏமாத்திட்டியேடி."

"திங்கக்கிழமை செய்யறேன். போங்க அந்தப் பக்கம்."

திங்கள்தான் கடைக்கு விடுமுறை. திங்களன்று நான் தூங்குவேன்.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, கத்தரிக்காய்ப் பெட்டியை வேனிலிருந்து இறக்கும்போது அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முந்தின நாளும் நான் தூங்கித்தான் இருந்தேன்.

செத்துப்போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் பிக்குகளுக்குப் படைத்தால், அது அவரிடம் போய்ச் சேரும். எங்கள் வழக்கம் அது. ஏழாம் நாள், ஐம்பதாம் நாள் எல்லாம் நான் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. யார் யாரோ சமைத்தார்கள். நூறாம் நாளுக்கு நான்தான் சமைப்பேன் என்றேன். உயிரோடு இருந்தபோது கொடுக்காததை இப்போதாவது கொடுத்துவிட வேண்டும். நெஞ்சில் அது ஒன்றுதான் இருந்தது.

பச்சை மிளகுக் கொத்துக்குச் சிட்னிவரை சொல்லி வைத்தேன். கெளுத்தி மீன் வாங்கினேன். விடியற்காலையில் கடை அடுப்பைப் பற்றவைத்தேன். காட்டுக் குழம்பில் தேங்காய்ப்பால் கிடையாது, இனிப்பும் கிடையாது. பழக்க தோஷத்தில் கை போய்விடக் கூடாது என்று தேங்காய்ப்பால் டின் அத்தனையையும் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினேன். அவ்வளவு ஜாக்கிரதை!

குழம்பு கொதிக்கும்போது என் மகள் நிம் வந்தாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"ருசி பாத்தியாம்மா?" என்று கரண்டியை எடுத்தாள்.

அவள் கையில் ஒரு அடி போட்டேன். "சாமிங்க சாப்பிடறதுக்கு முன்னாடி நாக்குல வைப்பியா? எச்சியாயிரும்டி!"

"உப்பு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"என் கைக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அழுதேன். அழுதுகொண்டே கிண்டினேன்.

கோயிலில் ஐந்து பிக்குகள் சாப்பிட்டார்கள். பெரியவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டதைப் பார்த்து எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவர்கள் ஓத ஓத, தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி என் புருஷன் பெயரைச் சொன்னேன். வந்துட்டேங்க, திங்கக்கிழமை வந்துருச்சு, சாப்பிடுங்க என்று மனசுக்குள் சொன்னேன். நூறு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

பிறகு மிச்சத்தை எல்லோரும் பகிர்ந்துகொண்டோம். நிம் ஒரு வாய் வைத்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, சூப்பர்! நம்ம கடைக் கொழம்பு மாதிரியே இருக்கு!"

நான் வாயில் வைத்தேன். இனித்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வன்னா அக்கா காஞ்சனபுரிக்காரி. தலையைக் குனிந்துகொண்டு, "வெல்லம் போட்டியா துவன்?" என்று மட்டும் கேட்டாள்.

போட்டிருக்கிறேன். உப்புக்கு மீன்சாறு ஊற்றினால் அடுத்தது வெல்லம், மறுபடி மீன்சாறு, மறுபடி வெல்லம். அந்த அடுப்பின் முன் நின்றால் என் கைக்கு அப்படித்தான் போகத் தெரியும். தேங்காய்ப்பாலைப் பூட்டினவள் கையை எங்கே கொண்டுபோய்ப் பூட்டுவேன்? ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பெரிய பிக்குவின் முன் போய் விழுந்தேன். "சாமி, தப்பு நடந்துபோச்சு. இன்னிக்குக் குடுத்தது அவருக்குச் சேராம நிறுத்த முடியுமா? நான் வேற செஞ்சு எடுத்துட்டு வர்றேன்."

அவர் சிரித்தார். "எப்ப வேணும்னாலும் கொண்டு வாம்மா. ஆனா இன்னிக்குக் குடுத்தது சேந்துருச்சு. மனசு நிறைஞ்சு குடுத்தியே, சேராம எப்படி?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே திரும்பச் செய்தேன். இது படையலுக்கு இல்லை, அதனால் ருசி பார்க்கத் தடையும் இல்லை. வெல்ல டப்பாவைக் குப்பையில் போட்டேன். மிளகாயை எண்ணாமல் அள்ளிப் போட்டேன். ஒவ்வொரு கொதி வந்ததும் ருசி பார்த்தேன். கசந்தது. காரம் மட்டும் தனியாக நின்றது. மீன்சாறு விட்டேன், மிளகைக் கூட்டினேன், குறைத்தேன். இது அதுதானா, இல்லை வெறும் வாசனைத் தண்ணீரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் என் நாக்கு ஒரு துளி இனிப்பைத் தேடிற்று. மானங்கெட்ட நாக்கு.

வன்னா அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அந்தக் காலத்துல பஸ் ஸ்டாண்டுல நீ செஞ்சது எப்படி இருந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்? நான் தின்னதில்லையே."

அதைத் தின்றது அவர். அதுதான் இது என்று சொல்லக்கூடிய நாக்கு அவருக்கு மட்டும்தான் இருந்தது.