பழி சுமக்க ஓர் ஆள்

எங்கள் வீட்டுப் பலகைச் சுவரில் அட்டைகளை ஒட்ட ஆரம்பித்த நாளிலிருந்தே அந்தப் பெண்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

வெனிங் என்று பெயர். ஜகார்த்தாவில் படங்களுக்குக் கதை எழுதுகிறவள். என் கணவர் நியோன்ரியின் வாழ்க்கையைப் படமாக எடுக்கப்போகிறார்கள் என்று சொல்லி, ஒரு பையோடு எங்கள் தீவில் வந்து இறங்கினாள். அதற்கு முன்பு டிவியில் அவரைக் கொஞ்ச நேரம் காட்டியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒரு மனிதர் கடலுக்குள் மீன் மாதிரி முக்குளிப்பதையும், தீவு தீவாகப் படகில் போய் வாலிபப் பையன்களிடம் "மெதுவா மேல வாங்கடா" என்று கத்துவதையும் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் வந்தாளாம்.

இளம் வயதில் அவரும் கடலட்டை எடுக்கப் போனவர்தான். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைப் படகில் வைத்து, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் இறங்குவார்கள். ஒருநாள் நன்றாகத்தான் மேலே வந்தார். சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் கால் மரத்தது. மறுநாள் கால் இருப்பதே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கும் அவருக்கும் கல்யாணம். அவர் உடம்பில் பாதியை அன்றிலிருந்து நான்தான் கவனிக்கிறேன். புரட்டிப் போடுவது, குதிகாலிலும் இடுப்பிலும் புண் கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பது, மூத்திரக் குழாய் மாற்றுவது எல்லாம் என் வேலை. ஒருமுறை சூடான எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டார். தொடை வெந்தது அவருக்குத் தெரியவில்லை. வாடை வந்த பிறகுதான், "யாரு மீன் சுடுறது?" என்று கேட்டார். இதை நான் சொன்னபோது வெனிங் கண்ணை மூடி, "அருமை" என்றாள். அருமையாமே!

அட்டைகளைக் காட்டி எங்களுக்கு விளக்கினாள். "முதல்ல சந்தோஷம். அப்புறம் விழறாரு. அப்புறம் ஒரே இருட்டு. கடைசியில எழறாரு. எந்தக் கதைக்கும் எலும்பு இதுதான் அக்கா."

"எழறாரா? இவர் எங்க எழுந்தாரு?" என்று கேட்டேன்.

"மனசால, அக்கா."

என் கணவருக்கு அது பிடித்துப்போனது. பாயில் சாய்ந்தபடி, சுவரில் வரிசையாகத் தொங்கும் தன் ஆயுசைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "பாரு கானாங், நீ இந்த மஞ்சள் அட்டைல வர்ற" என்பார்.

ஒரு காலை, "விழறாரு" என்ற அட்டைக்கு முன்னால் வெனிங் ரொம்ப நேரம் நின்றாள்.

"ஏன் விழுந்தாருன்னு ஒரு காரணம் வேணும். கடல்தான் காரணம்னு சொன்னா, பாக்குறவங்க யார்மேல கோவப்படுவாங்க?" பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல், "அன்னைக்குக் கம்ப்ரசரை யாரு பாத்துக்கிட்டாங்க?" என்றாள்.

"எங்கண்ணன் ருப்பா" என்றேன்.

அவளுக்கு அண்ணனைத் தெரியும். எங்கள் வீடு தூண்கள்மேல் நிற்கிற வீடு. அண்ணன் தினமும் காலையில் வந்து குனிந்து முதுகைக் கொடுப்பான். இவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வார். ஏணி இறங்கி, மணலைத் தாண்டி, படகில் கொண்டுபோய் உட்கார வைப்பான். சாயந்திரம் அதே மாதிரி தூக்கி வருவான். ஒருநாளும் தவறியதில்லை.

வெனிங் பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்க கல்யாணம் அதுக்கப்புறம்தானே? அண்ணன் பேசி முடிச்சதா?"

அந்தக் கேள்வியின் வாடை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

நான் சமையலில் இருந்த நேரத்தில் புதிதாக ஒரு சிவப்பு அட்டை ஒட்டியிருந்தாள். வந்து படித்தேன். "காற்று நிற்கிறது. நண்பன் மறைக்கிறான். தங்கையைக் கொடுக்கிறான்."

"இது என்ன?"

"வெறும் யோசனைதான் அக்கா. கதைக்காக."

நான் பிய்த்தெடுக்கக் கையை நீட்டினேன். "இருக்கட்டும் விடு" என்றார் அவர். திரும்பிப் பார்த்தேன். அவர் கண் அந்த அட்டையிலேயே இருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே படித்துவிட்டிருக்கிறார்.

மறுநாள் காலை அண்ணன் வழக்கம்போல வந்து குனிந்தான்.

"இன்னைக்கு வேணாம். வயிறு சரியில்ல" என்றார்.

அடுத்த நாள் தலைவலி. அதற்கடுத்த நாள் காற்று சரியில்லை. வெளியே கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. அண்ணன் கடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஏணி இறங்கிப் போனான்.

வெனிங் சும்மா இருக்கவில்லை. பழைய முக்குளிப்புக்காரர்களிடம் போய், அன்றைக்கு மிஷின் எப்படி ஓடியது என்று கேட்டிருக்கிறாள். எங்கள் தீவில் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் துஆ சொல்வார்கள். கடையில் வெங்காயம் வாங்கப் போனபோது கடைக்காரி டாயெங் ஙாய் (ஆணோ பெண்ணோ, மரியாதைக்கு நாங்கள் டாயெங் என்போம்) என் காதருகே குனிந்தாள்.

"உங்கண்ணன் ஏதோ பண்ணிட்டானாமே? அதான் இத்தனை வருஷமா மூட்டை தூக்குறானா? நானும் நினைச்சேன், சும்மா யாருடி தூக்குவா?"

வெங்காயத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாப்பிடும்போது அவர் கேட்டார்: "உன்னை எங்கிட்ட யாரு அனுப்புனா?"

"என்ன கேக்குறீங்க டாயெங்?"

"நீ அழகா இருந்த. ரெண்டு காலும் விளங்குறவன் எத்தனை பேரு உன்னைக் கேட்டு வந்தான். எங்கிட்ட எதுக்கு வந்த?"

"பைத்தியம் புடிச்சு வந்தேன். இப்ப தெளியுது" என்று சொல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆனால் அந்த அட்டை என்னையும் விடவில்லை. கல்யாணத்தில் அம்மா ஏன் அழவே இல்லை? இந்த வீட்டுக்கு மரம் அறுத்துத் தூண் நட்டதெல்லாம் அண்ணன்தான், ஏன்? பெருநாளைக்கு அவன் பிள்ளைகளுக்கு முன்னால் எங்களுக்குத் துணி வருமே, ஏன்? நல்லது என்று நினைத்திருந்ததெல்லாம் இப்போது தண்டம் கட்டியதுபோலத் தெரிந்தது. கூடப் பிறந்தவனை அப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

கரைக்குப் போனேன். படகைச் சாய்த்துப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான் அண்ணன்.

"அண்ணா, அன்னைக்கு மிஷின் நின்னுச்சா?"

சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அவன் கேட்டுட்டு வரச் சொன்னானா?"

"இல்ல. நான்தான் கேக்குறேன்."

"நீயுமா?" என்றான். சுரண்டுகிற இரும்பை மணலில் குத்திவிட்டு நேராக எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தான். நான் பின்னால் ஓடினேன்.

ஏணியில் அவன் ஏறிய வேகத்தில் வீடே ஆடியது. வெனிங் எழுந்து நின்றாள். அவள் கை தானாக போன் பக்கம் போனது.

"எடுத்துக்கோம்மா. நல்லா பதிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு, அண்ணன் இவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "என்னைப் பாத்துச் சொல்லு மச்சான். மிஷின் நின்னுச்சா?"

அவர் சுவரைப் பார்த்தார். "நின்னிருக்கலாம்னு..."

"நின்னிருக்கலாம் இல்ல. நின்னுச்சா?"

சுவரிலிருந்து கண்ணை இறக்கி, "இல்ல" என்றார்.

"மறுபடி இறங்காதன்னு நான் சொன்னேனா இல்லையா? 'பாறைக்கடியில கடலட்டை குவிஞ்சு கெடக்குடா'ன்னு கத்திட்டுக் குதிச்ச. பை நெறஞ்சதும் விர்ருன்னு மேல வந்த. குழாயைத் துப்பிட்டு சிரிச்ச பாரு! அப்படி ஒரு சிரிப்பு. நானும் சேந்து சிரிச்சேன். ஆழத்துலேர்ந்து மெதுவா வரணும், இல்லன்னா கால் போயிடும்னு நமக்கு அப்ப யாருடா சொல்லிக் குடுத்தா?"

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "எனக்குத் தெரியும்டா. எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா அந்த அட்டையைப் படிச்சப்ப, என்னமோ சுகமா இருந்துச்சு. நான் பண்ணலை, வேற எவனோ பண்ணிட்டான்னு நினைக்க... இத்தனை வருஷத்துல அப்படி ஒரு சுகம் எனக்குக் கெடச்சதே இல்ல."

அண்ணன் வெனிங் பக்கம் திரும்பினான்.

"இவளை நான் குடுத்தேனா? கன்னத்துல அறைஞ்சேன்மா. 'காலம் பூரா மூத்திரம் அள்ளப் போறியாடி'ன்னு கேட்டேன். இவன் முன்னாடியேதான் கேட்டேன்."

"அன்னைக்கு எனக்குக் கால் இருந்திருந்தா நீ செத்திருப்ப" என்றார் இவர், முகத்திலிருந்து கையை எடுக்காமலே.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெனிங்கிடம் சொன்னேன்: "என்னை யாரும் அனுப்பல. நான்தான் இவரைக் கேட்டேன். எனக்கு இவர் பேச்சு புடிச்சிருந்துச்சு. ஒரு பொண்ணுக்குப் புடிச்சிருந்துச்சுன்னு சொன்னா அதை நம்ப மாட்டீங்களா நீங்க?"

அவள் போனை ஓரமாக வைத்தாள். பிறகு மெல்ல, "அப்ப இந்த இடத்துல என்ன எழுதுறது?" என்று கேட்டாள்.

"நான் சிரிச்சதை எழுது" என்றார் அவர்.

"எழுதினா பாக்குறவங்க உங்க மேலதான் கோவப்படுவாங்க டாயெங். பரிதாபம் போயிடும்."

"போகட்டும். அதைச் சாப்பிட்டுத்தானா உயிர் வாழுறேன்?"

படம் எடுக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். அப்படியானால் படம் வேண்டாம் என்றார். அட்டைகளைப் பிரித்தெடுக்க நானும் உதவினேன். மதியப் படகில் ஏறும்போது, "நான் கெட்டது நினைக்கல அக்கா" என்றாள். பாதி நம்பினேன்.

அடுத்த வருஷம் ஒரு படம் வந்தது. வேறு பெயர், வேறு தீவு. ஓட்டை மிஷினை வாடகைக்கு விட்ட ஒரு பட்டணத்து முதலாளி அதில் வில்லன். கடைசியில் கதாநாயகன் கட்டையை ஊன்றி எழுந்தே நின்றுவிடுகிறான். பக்கத்து வீட்டுப் போனில் முழுவதும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பாவம், யாரோட கதையோ" என்றார் இவர்.

ஆனால் அந்தச் சண்டைக்கு மறுநாள் காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். அண்ணன் வந்தான். இவர் கையை நீட்டினார். அண்ணன் குனியவில்லை.

"இனிமே நான் தூக்க மாட்டேன் மச்சான்."

"கோவமா?"

"கோவமில்ல, பயம். ஏணில என்னைக்காவது கால் வழுக்கி உன்னைக் கீழ போட்டுட்டேன்னு வையி. 'வேணும்னே போட்டான்'னு ஒரு நொடியாவது உனக்குத் தோணும். முன்னாடி தோணியிருக்காது. இனிமே தோணும். அந்த நொடியை முதுகுல வச்சுக்கிட்டு என்னால ஏணி இறங்க முடியாதுடா."

அவர் மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். ஆனால் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அடியில் வலையும் உடைந்த எஞ்சினும் போட்டு வைக்கிற இடம் இருந்தது. அங்கே குடிவரலாம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "ஆடு கட்டுற எடத்துல மனுஷன் படுப்பானா?" என்று அப்போதெல்லாம் சீறுவார். இந்த முறை அவரே, "கீழ சுவர் எழுப்பலாமா?" என்றார். செங்கல் அடுக்கியது அண்ணன்தான். தரைக்கு சிமெண்ட் போட்டு, படகுவரை மணலில் பலகை பாவினோம். சக்கரம் வைத்த பலகைமேல் உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தள்ளித் தள்ளி அவரே போனார். முதல்நாள் பாதி வழியில் கவிழ்ந்தார். அண்ணன் ஓடி வந்தான், ஆனால் தொடவில்லை. மணலைத் துப்பிக்கொண்டு அவரே ஏறி உட்கார்ந்தார்.

இப்போது அவர் நினைத்தபோது போகிறார், நினைத்தபோது வருகிறார். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர் முகத்தில் தெரிகிறது. எனக்கும் அது சந்தோஷம்தான். அதை அண்ணனுக்கு முன்னால் காட்டிக்கொள்வதில்லை.

அண்ணன் சாயந்திரங்களில் வருகிறான். இருவரும் டோமினோ ஆடுகிறார்கள்.

"காயை எடுத்து ஒளிக்கிறான் பாரு!"

"யாரு, நானா? உன் சட்டைப்பையைக் காட்டு முதல்ல!"

"நீ காட்டுடா!"

இருவருமே ஒளிக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். காபியை நடுவில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போகிறேன்.