பன்னீர் ஊற்றிய மருந்து டேங்க்

கிளப்பின் கோல்ஃப் மைதானத்துக்குப் புதுச் சாமான்கள் வந்திறங்கிய அன்று, அங்கே கூலிக்குப் புல் வேலை பார்க்கும் அம்சவல்லிக்கு வாயெல்லாம் பல். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்று, முதுகில் மாட்டிக் களைமருந்து அடிக்க, பேட்டரியில் ஓடும் மருந்து டேங்க் ஒன்று. வண்டியை யார் ஓட்டினால் என்ன, டேங்க் அவளுக்கு. பழைய கை டேங்க் முதுகில் ஏறினாலே அடியிலிருந்து களைமருந்து கசியும். ரவிக்கை நனையும், தோல் உரியும், சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே நாற்றம். சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டதுதான் மிச்சம். அதை உடைத்துப் புதைத்துவிட வேண்டும் என்று கிளப்பில் உத்தரவு போட்டதும், விட்டது சனி என்று அவளே கொண்டுபோய் ஷெட்டுக்குப் பின்னால் போட்டாள்.

காண்ட்ராக்டர் சோமசுந்தரம் எதையும் புதைக்கிற ஆள் இல்லை. மைதானப் பராமரிப்பு அவருடையது, டவுன்ஷிப் கல்யாண மண்டபத்தில் வரவேற்பு ஏற்பாடும் அவருடையதே. முகூர்த்த நாள் வந்தால் புல் வேலைக்கு வரும் பெண்களுக்குப் பட்டுச்சேலை கட்டவைத்து வாசலில் நிறுத்திவிடுவார். ஆள் மிச்சம், கூலி மிச்சம், மனுஷனுக்கு வெட்கம் மட்டும் எப்போதும் பற்றாக்குறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்ற அம்சவல்லியின் தோளில், ஜரிகைத்துணி சுற்றிய ஒன்றை அவர் மாட்டினார்.

"செம்புல தெளிச்சிகினு நின்னா எப்ப முடியறது? இதுல பன்னீர் ஊத்தியிருக்கேன். ஆளுங்க வர வர அடிச்சி வுடு."

வார் தோளில் விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணிக்கடியில் தடவினாள்; கசிவை அடைக்க அவள் சுற்றிய சைக்கிள் டியூப் அப்படியே இருந்தது. பன்னீர் வாசனைக்குள்ளிருந்து அந்தப் பழைய நாற்றம் எழும்பியது.

"ஐயா, இது களைமருந்து அடிச்ச டேங்க்குங்க!"

"ஷாம்பு போட்டு கழுவியாச்சு. வாய மூடிகினு நில்லு. முடியாதுன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

அவள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த வேலையால்தான். பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைத் தூக்கினாள். முதலில் படியேறியது ஒரு கைக்குழந்தைக்காரி. பன்னீர் படட்டுமென்று சிரித்தபடியே குழந்தையின் முகத்தை முன்னால் நீட்டினாள். அம்சவல்லியின் கை விசைக்குப் போகவில்லை. இந்த வயிற்றுப்பிழைப்பும் ஒரு பிழைப்பா என்று அவள் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

குழாயைச் சோமசுந்தரத்தின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"மொதல்ல நீங்க வாங்கிக்குங்கய்யா."

"ஏய், கண்ணுல பட்டுடப் போவுது!" இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் பின்னால் துள்ளினார்.

வாசலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். குழந்தைக்காரி பிள்ளையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

அம்சவல்லி காறித் துப்பினாள். டேங்க்கைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள்.

"நாளைக்கி நான் வரலைங்க. சேலைய தொவைச்சி அனுப்பிடறேன்."

சேலை முதுகுப்பக்கம் அதற்குள் நனைந்திருந்தது.