கீர்ஸாவின் முழங்கால்

மனிதக் கோபுரம் சரிந்து ஒரு வாரம் தாண்டியும் சான் கினெஸ் ஊரின் வாய் ஓயவில்லை. காலையில் காபி குடிக்கப் போன கீர்ஸாவிடம் கடைக்காரன் கோப்பையை வைத்தபடியே, "உன் முழங்கால்ல இருக்கிறது எலும்பா, புட்டிங்கா?" என்றான். மருந்துக்கடைக்காரி, கேட்காமலே மூட்டுவலித் தைலத்தை எடுத்து நீட்டினாள். வேலையிடத்தில் சிமெண்ட் குழைக்கிறவன்கூட, "அண்ணே, சாரத்துல பார்த்து ஏறுங்க" என்று இளித்தான். என்ன கொழுப்பு பாருங்கள்! கீர்ஸா இந்த ஊர்க் கோபுரத்தை எத்தனையோ வருஷமாகத் தோளில் சுமந்தவன்.

நடந்தது இதுதான். திருவிழா அன்று சதுக்கத்தில் பச்சைச் சட்டைக்காரர்களோடு போட்டி. கோபுரம் ஏழு அடுக்கு. தரையில் நிற்கும் மூவரின் தோள்மேல் இரண்டாம் அடுக்கு. அதில் ஒருவன் கீர்ஸா. அவன் தோள்மேல் அவன் மனைவி ரமேய். உச்சிக்கு ஏறிய சிறுமி கையைத் தூக்கிக் காட்டிவிட்டாள். ஊதுகுழல்கள் அலறின. ஆனால் ஏறினால் மட்டும் போதாதே, ஒருவரும் விழாமல் இறங்கினால்தான் வெற்றி. குழந்தைகள் இறங்கினார்கள். மேல் அடுக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்றாம் அடுக்கு மட்டும்தான் பாக்கி. பச்சைச் சட்டைக்காரர்களின் முகம் தொங்கிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீர்ஸாவின் வலது கால் மடங்கியது. எல்லோரும் சரிந்தார்கள். ரமேயின் கை முறிந்தது. கோப்பை பச்சைச் சட்டைக்காரர்களுக்குப் போய்விட்டது.

கால் ஏன் மடங்கியது என்று கீர்ஸாவுக்கு நன்றாகத் தெரியும். கோபுரத்தைச் சுற்றி நெருக்கி நிற்கும் கூட்டத்தில், முதல் வரிசை ஆள் ஒருவர் கைகளை மேலே நீட்டி அவன் வலது தொடையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். சிறுமி கை தூக்கியதுமே அந்தக் கைகள் விலகிவிட்டன. திரும்ப வரவே இல்லை. குழந்தைகள் இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அதற்குமேல் முடியவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் நிற்பவன் ஃபெர்மி. அன்றைக்குக் குழுத் தலைவர் பல்டிரி அவனைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு மேயரை அங்கே நிறுத்தியிருந்தார். படத்தில் நன்றாகத் தெரிவாராம்!

யாராவது பார்த்தார்களா? எப்படிப் பார்ப்பார்கள்! கீழே நிற்பவர்கள் தலையைக் கவிழ்த்தே நிற்க வேண்டும். நிமிர்ந்தால், மேலிருந்து விழுகிறவர் கழுத்தை ஒடித்துவிடுவார். படம் பிடித்தவர்களின் கண்ணெல்லாம் உச்சியில்தான் இருந்தது.

அவன் சொன்னதை ரமேயே நம்பவில்லை.

"கால் நடுங்குச்சுன்னு சொல்லிட்டா என்ன, தலையா போயிடும்?" என்றாள்.

"நடுங்காத காலை நடுங்குச்சுன்னு சொல்லணுமா?"

"மேயர் மேல பழி போடாத கீர்ஸா. அசிங்கமா இருக்கு."

ஊரே பேசியதைவிட அந்தப் பேச்சுதான் அவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அவளைச் சுமந்த தோள் அது. அவளுக்குமா தெரியாது?

வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்குக் குழு முழுக்க வந்திருந்தது. பல்டிரி கீர்ஸாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, மேயர் ஆறுதல் சொல்ல வர்றாரு. நமக்கு இந்தக் கூடத்தைக் குடுத்தவரு. அவர் முன்னாடி எல்லார்கிட்டயும் ஒரு மன்னிப்பு கேட்டுடு. கொஞ்ச நாளைக்கு உன் இடத்துல வேற ஆள் ஏறட்டும். அதோட விஷயம் முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? என் பேரைக் குழி தோண்டிப் புதைச்சுட்டா முடிஞ்சுதா தலைவரே?"

"சத்தம் போடாத. வந்துட்டாரு."

மேயர் பாதாம் இனிப்புப் பெட்டியும் கையுமாக நுழைந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மனசை விட்டுடாதீங்க! என்னைக் கேட்டா ஜெயிச்ச மாதிரிதான். அந்தச் சின்னப்பொண்ணு கையைத் தூக்கினா பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு! சதுக்கத்துலயே முதல்ல கை தட்டினது நான்தான், தெரியுமா? நிறுத்தவே இல்லையே! ராத்திரி வரைக்கும் உள்ளங்கை எரிஞ்சுது!"

எல்லோர் கண்ணும் மேயரின் கைகளுக்குப் போனது. ஃபெர்மி ஏதோ கெட்ட வார்த்தையைத் தொண்டையிலேயே விழுங்கினான். ரமேய் கணவனைப் பார்த்தாள். மேயருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. மனுஷன் பெட்டியின் ரிப்பனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சரி சரி, இனிப்பு எடுத்துக்குங்க. நடந்தது நடந்துபோச்சு" என்றார் பல்டிரி அவசரமாக. அட, வெட்கங்கெட்ட மனுஷா!

கீர்ஸா மேயருக்கு நேராகப் போய் நின்றான்.

"மேயரே, என் தொடையைப் பிடிச்சிருக்க வேண்டிய கை அது."

"அவதான் கையைத் தூக்கிட்டாளேப்பா? நான் முடிஞ்சுதுன்னுல்ல நினைச்சேன்."

"என் பொண்டாட்டி இன்னும் என் தோள் மேல நின்னுக்கிட்டிருந்தா."

பல்டிரி குறுக்கே வந்தார். கீர்ஸா அவரைப் புறங்கையால் ஒதுக்கினான்.

"நீங்க ஏறுங்க மேயரே. இன்னைக்கு நீங்க மேல. ஃபெர்மி தோள் குடுப்பான். உங்க தொடையை நான் பிடிச்சுக்கறேன். பயப்படாதீங்க, கை தட்ட மாட்டேன்."

ஃபெர்மி முன்னால் வந்து முதுகைக் காட்டிக் குந்தினான். மேயர் சிரிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

"ஷூ போட்டிருக்கேனே, எப்படி ஏறறது?" என்று முனகினார்.

ரமேய் எழுந்து வந்தாள். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு மேயரின் காலடியில் மண்டியிட்டு, மற்றக் கையால் ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.