காரில் இரண்டு இபு

இந்தக் காலத்துக் கார் பெட்ரோல் மட்டும் குடிப்பதில்லை. ஏறுகிறவனின் போனில் உள்ளதையும் விழுங்கி வைத்துக்கொள்கிறது. திருப்பி விடும்போது உன் போனைத் திரையிலிருந்து அழித்துவிடு என்று வாடகைக் கடைக்காரர் ஹண்டோகோவிடம் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். முன்னால் ஓட்டியவன் அழித்தானா என்று பார்க்க இவனுக்குத் தோன்றவில்லை. ஜகார்த்தாவிலிருந்து பெருநாளுக்கு மாமனார் ஊரில் சொந்தக் கார்க்காரனாகப் போய் இறங்க வேண்டும், அதுதான் கவலை. வோனோசோபோவில் இருக்கும் தன் அம்மாவிடம் பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லியாயிற்று. மனைவி வெனிங்குக்கு இரண்டு பொய்யும் தெரியும்.

மாமனார் மார்கோனோ காரைத் தடவித் தடவிப் பார்த்தார். பெருநாள் தொழுகை முடிந்து உறவினர் வீடுகளுக்குக் கிளம்பியபோது முன் சீட்டில் அவர்தான். வழியில், அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று விசாரித்தார். அதைக் கேட்காமல் என்ன பெருநாள்?

"இதோ, கார்லயே கேக்கறேன் பாருங்க மாமா."

திரையைத் தொட்டால் இரண்டு 'இபு' இருந்தன. பெற்றவளை இபு என்று பதியாத மகன் ஜாவாவில் ஏது? தன் போன்தான் இரண்டு தடவை ஏறிவிட்டது என்று எண்ணி, மேலே இருந்ததை அழுத்தினான். எடுத்த சத்தம் கேட்டதும், உள்ளும் புறமும் செய்த தப்பையெல்லாம் மன்னித்துவிடும்படி, எல்லா மகன்களும் சொல்கிற அதே வரியைச் சொன்னான்.

"மன்னிச்சிட்டேன்யா குனாடி. நம்பர் மாத்திட்டியா? டிக்கெட் கிடைக்கலன்னியே, தனியா என்னத்தச் சாப்பிட்ட? உனக்குன்னு ஓலையில வெந்த கெத்துபாட் சோறு எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."

வேறு யாரையோ பெற்ற தாய். அந்தக் குனாடியும் இதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறான். ஹண்டோகோவுக்கு முகமெல்லாம் எரிந்தது. நான் உங்கள் மகனில்லை என்றால், அந்நியனிடம் மனசைக் கொட்டிவிட்டோமே என்று அந்தக் கிழவி குறுகிப்போவாள். சொல்லாவிட்டால் அவளை ஏமாற்றியவர்களில் இவனும் ஒருவன்.

"சாப்பிட்டேம்மா" என்று முனகிவிட்டு அழைப்பைத் துண்டித்தான்.

குனாடி யார் என்று மார்கோனோ கேட்டார். வாடகைக் கார் என்றும், முன்னால் எடுத்தவனின் போன் அதில் தங்கிவிட்டது என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கார் கிடக்கட்டும்ப்பா. உங்கம்மாகிட்ட நீ என்ன சொல்லிட்டு வந்த?"

பின்சீட்டில் வெனிங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போடு. நானும் சம்பந்திகிட்ட ரெண்டு வார்த்தை பேசறேன்."

காரை ஓரங்கட்டினான். இரண்டாவது இபுவை அழுத்தினான்.

"ஹண்டோகோவா?" அம்மாவின் குரல் கார் முழுக்க நிறைந்தது. "டிக்கெட் கிடைச்சிருச்சாப்பா?"

சற்று முன் யாரோ ஒருத்தியிடம் சரளமாக வந்த அந்த வரி இப்போது அவன் வாயில் வரவில்லை.