பெரிய பிளக்

“பெரிய பிளக் எங்க சார்?” என்று குளிர்பெட்டிக்காரர் கூடத்திலிருந்து கேட்டபோது, மாப்பிள்ளை மாமனாரின் அறையில் மேசைக்கு அடியில் முட்டி போட்டிருந்தான். வீட்டில் அவ்வளவு மின்சாரம் தாங்கும் பிளக் அது ஒன்றுதான். அதில் மாமாவின் கம்ப்யூட்டர் சொருகியிருந்தது. இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். காலையில் டீ குடித்துவிட்டுச் சற்றுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சின்ன மகள் விமானம் பிடித்து வந்து சேர நாளை ஆகிவிடும். அதுவரை உடலை வைக்கக் குளிர்பெட்டி வேண்டும். பெட்டிக்குப் பிளக் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும் என்று பெட்டிக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பிளக்கில் கை வைத்தான்.

“அது முடியட்டும் மாப்பிள்ளை.”

அத்தை அறை வாசலில் நின்றிருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. குரல் மட்டும், அடுப்பில் இருப்பது வேகட்டும் என்பதுபோல் சாதாரணமாக இருந்தது.

“எது அத்தை?”

“நேத்து ஓட விட்டாரு. முடியிற வரைக்கும் யாரும் தொடாதீங்கன்னு சொன்னாரு.”

மாப்பிள்ளை தலையைத் தூக்கினான், மேசையில் இடித்துக்கொண்டான். திரையில் ஒவ்வொரு சோதனையின் பெயரும் வந்து, யோசித்து, பக்கத்தில் ‘சரி’ என்று விழுந்துகொண்டிருந்தது. என்ன ஓடுகிறதென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதை ஓட்டச் சொன்னவனே அவன்தான்.

சின்ன ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு இருக்கும் அந்த மெஷின். செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. ஒரு காலத்தில் ஊருக்கே தண்ணீர் பில் போட்டது. அலுவலகத்தில் அதைத் தூக்கிப் போட்டபோது மாமா வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். சின்ன வீட்டை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரே மனுஷன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். அத்தையும் அதைச் ‘சின்னவ’ என்றுதான் சொல்வாள்.

பல தேசத்து ஆட்கள் சேர்ந்து இலவசமாக எழுதும் ஒரு பெரிய மென்பொருள். ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் தகவலைப் போட்டு வைப்பது. அது இந்த மெஷினிலும் ஓட வேண்டும் என்று பிடிவாதமாகப் பார்த்துக்கொண்டவர் மாமா. அதன் ஒவ்வொரு புது வெளியீட்டையும் முத்திரை குத்தி அனுப்புகிறவன் மாப்பிள்ளை. இன்று மாலைக்குள் எல்லாச் சோதனைகளிலும் தேறாவிட்டால் இந்த மெஷினுக்கான ஆதரவு நீக்கப்படும் என்று அறிவித்தவனும் அவனே.

இருவரும் உறவு என்று அந்த மென்பொருள் ஆட்கள் யாருக்கும் தெரியாது. உலகமே படிக்கும் பொது விவாதத்தில் இரண்டு வருஷமாக அடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரெதிரே உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்பிள்ளை”, “போதும் மாமா” என்று சாப்பிட்டார்கள். அந்தப் பேச்சை வீட்டில் ஒருவரிடம் ஒருவர் எடுத்ததில்லை. வீட்டில் தோற்றால் எழுந்து போக இடமில்லை.

“என்ன பண்றீங்க இங்க?” மனைவி உள்ளே வந்தாள். “அப்பாவ அப்படியே போட்டுட்டு மெஷினுக்குக் காவலா?”

“நான் இல்ல, உங்கம்மாதான்...” என்று ஆரம்பித்தான். எந்த மாப்பிள்ளையும் சொல்லக்கூடாத வாக்கியம் அது என்பது பாதியில்தான் உறைத்தது.

“இத தூக்கிப் போடணும்னு வருஷக்கணக்கா என் உசிர வாங்கினது நீங்கதான? இப்ப என்ன?”

“நான்தாண்டி சொன்னேன்,” என்றாள் அத்தை.

பெட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். பல வீட்டுச் சண்டைகளை அனுபவித்த நிதானம் அவரிடம் இருந்தது. “ஐஸ் பார் வச்சு ஒப்பேத்தலாம்மா. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல என் பொறுப்பு இல்ல.”

மனைவி பழைய துண்டுகளை எடுக்கப் போனாள்.

ஐஸ் வந்தது. உருகும் தண்ணீரைக் கூடத்தில் யாராவது பிழிந்து பிழிந்து ஊற்றினார்கள். மாப்பிள்ளை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பெண் கேட்டு இந்த வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோதும் இதே நாற்காலிதான். சம்பளம் கேட்பார், குலம் கோத்திரம் கேட்பார் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். மாமா, “நீங்க எழுதுறது எந்த மெஷின்ல ஓடும்?” என்று கேட்டார். “எல்லாத்துலயும் ஓடும் சார்,” என்று அடித்துவிட்டான். “அப்படியா, வாங்க,” என்று கையைப் பிடித்து இந்த அறைக்குள் கூட்டி வந்தார். அவன் எழுதியது அதில் ஓடவில்லை. ஆனாலும் பெண்ணைக் கொடுத்துவிட்டார். எதற்கு என்று இன்றுவரை அவனுக்குப் புரிந்ததில்லை.

அவன் காரணங்களில் ஓட்டை எதுவும் கிடையாது. யார் எதை மாற்றினாலும் எல்லா மெஷின்களிலும் சோதிக்க வேண்டும். மற்றவை ஒரு டீ குடிப்பதற்குள் முடித்துவிடும். இது ஒரு நாளை விழுங்கும். எழுதுகிறவர்கள் நானூறு பேர் இதற்காகக் காத்துக் கிடப்பார்கள். இதற்கென்று எழுதிய வரிகளைத் தொட மற்றவர்களுக்குப் பயம். பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். ‘அந்த ஒருவர் இருக்கிறாரே’ என்று மாமா எழுதினார். ‘ஒருவர் போதாது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால்?’ என்று மாப்பிள்ளை எழுதினான். மாமாவின் ரத்தக் கொதிப்பு மாத்திரையை மாதாமாதம் வாங்கிக் கொடுப்பவனும் அவன்தான். தெரிந்தேதான் எழுதினான்.

அத்தை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க எழுதுறதெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டுவாரு.”

“எத அத்தை?”

“இத எடுக்கணும்னு எழுதுறது. தமிழ்ல மாத்தி மாத்திச் சொல்லுவாரு. ‘எவ்வளவு மரியாதையா கழுத்த அறுக்கிறாரு பாரு நம்ம மாப்பிள்ள’ம்பாரு. அப்புறம் ஒரே சிரிப்பு.”

மாப்பிள்ளைக்குக் காது சூடானது. “கோவமே வராதா?”

“ஒரு தடவ வந்துச்சு. ‘உடம்பு சரியில்லாமப் போனா’ன்னு எழுதினீங்களே, அன்னைக்கு. சாப்பிடல.” புடைத்த விரல் கணுக்களைத் தேய்த்துக்கொண்டாள். “மறுநாள்லேர்ந்து மாத்திரை போட்டீங்களான்னு நான் கேக்க வேண்டியதே இல்லாமப் போச்சு. அவரே போட்டுக்கிட்டாரு. அதுக்கு முன்னாடி எத்தன நாளு பூந்தொட்டியில போட்டிருப்பாருன்னு நினைக்கிறீங்க?”

திரையில் ஒரு பெயர் வந்து வெகுநேரம் நின்றது. இருவரும் அதையே பார்த்தார்கள். சரி, என்று விழுந்தது.

“பாஸாயிட்டா வச்சுப்பீங்களா?”

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு.

“வைக்க முடியாது அத்தை. பாத்துக்க ஆள் வேணும்.”

“அது தெரியும்,” என்றாள் அத்தை. “பாஸா ஃபெயிலான்னு பாத்துட்டு அனுப்புவோம், அவ்வளவுதான்.”

வெயில் சாய்ந்தபோது கடைசிப் பெயர் வந்தது. அனைத்தும் தேறின என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டது மெஷின். அத்தை எழுந்து அதன் தலையில் படிந்திருந்த தூசியைக் கையால் ஒருமுறை தள்ளிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். மாப்பிள்ளை முறைப்படி ஒவ்வொன்றாக மூடி, அணைத்து, பிளக்கை உருவினான். பெட்டிக்காரர் வயரை இழுத்து வந்து சொருகினார்.

போனில் மென்பொருள் குழுவில் ஒருவன், பூமியின் மறுபக்கத்திலிருந்து, கேட்டிருந்தான்: நீக்கிவிடலாமா? எதிர்ப்பவரிடமிருந்து பதில் வந்ததா?

மாப்பிள்ளை வராந்தாவில் நின்று எழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான். தன் காரணங்களில் ஒன்றையாவது உடைக்க முடிகிறதா என்று பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. சனியன்கள், நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். கடைசியில் அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மனைவி அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

“படிங்க.”

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்தான். கால் நனைந்தது, ஐஸ் தண்ணீர். தமிழ்ப்படுத்தத் தடுமாறிக்கொண்டு, மெதுவாகப் படித்தான்.

“‘சோதனை எல்லாத்துலயும் தேறியாச்சு. ஓட்டினவரு இன்னைக்குக் காலையில தவறிட்டாரு. அவரு என் மாமனார். இந்த வெளியீட்டுக்கு வேண்டிய வேலைய அவரு முடிச்சுட்டாரு, அதனால இதுல அந்த மெஷின் இருக்கும். அந்த மெஷின்ல இத இறக்கி ஓட்ட இனிமே யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் இருக்கும். அடுத்ததுல எடுத்துருவோம்.’”

“அப்பாவப் பத்தியா?” என்றாள் மனைவி, தலையைத் தூக்காமல்.

“ம்.”

“இன்னும் இருக்கா?”

“கொஞ்சம் இருக்கு.”

பெட்டியின் கண்ணாடியில் உள்ளிருந்து பனி பூத்து முகம் மங்கியிருந்தது. அத்தை வெளிப்பக்கமாகத் துண்டால் துடைத்தாள். மங்கல் போகவில்லை. மறுபடியும் துடைத்தாள். மாப்பிள்ளை அடுத்த வரியைப் படித்தான்.